டர்பன் இண்டபாவுக்குப் போக நினைக்கும் சிறு பயண முகவருக்கு

திருச்சியில் சிறிய பயண முகமை நடத்தும் நீங்கள், இதுவரை பெரும்பாலும் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்றே குடும்பங்களை அனுப்பி வந்திருப்பதாகவும், தென்னாப்பிரிக்கா கேட்டு வருகிறவர்களுக்கு மும்பையிலுள்ள மொத்த விற்பனையாளர் ஒருவரின் பேக்கேஜை அப்படியே வாங்கிக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டர்பன் நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் ‘ஆப்பிரிக்காஸ் டிராவல் இண்டபா’ என்ற பயணத் தொழில் சந்தைக்குப் போவது உங்களைப் போன்றவருக்குச் செலவுக்குத் தகுமா, போனால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி. போகலாம் என்பதே என் பதில். ஆனால் மும்பைக்காரர் விற்கும் அதே சுற்றை இன்னும் கொஞ்சம் குறைந்த விலைக்கு நேரடியாக வாங்கிவிடலாம் என்ற கணக்கோடு போவதாக இருந்தால், விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரை அனுப்புகிறவருக்குக் கிடைக்கும் விலை, ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்களை அனுப்பும் உங்களுக்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது. அவர் விற்காத ஒன்றை வாங்கி வருவதற்காகப் போனால் மட்டுமே இந்தப் பயணம் உங்களுக்குப் பலன் தரும். அப்படிப்பட்ட சரக்கு டர்பனைச் சுற்றியே நிறைய இருக்கிறது.

முதலில் சந்தையைப் பற்றிச் சில வார்த்தைகள். இதை நடத்துவது தென்னாப்பிரிக்க அரசின் சுற்றுலா விளம்பர அமைப்பான ‘சவுத் ஆப்பிரிக்கன் டூரிசம்’. நடைபெறும் இடம் டர்பன் நகர மையத்தில், கடற்கரைக்கு அருகிலுள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி பன்னாட்டு மாநாட்டு மையம். 1997-இல் நெல்சன் மண்டேலா திறந்து வைத்த இந்த வளாகத்தில்தான் 2011-இன் ஐ.நா. பருவநிலை மாநாடும், 2013-இன் பிரிக்ஸ் உச்சி மாநாடும் நடந்தன. பொதுமக்கள் வேடிக்கை பார்க்கவும் தள்ளுபடியில் சீட்டு வாங்கவும் வருகிற சுற்றுலாக் கண்காட்சி இதுவன்று. விற்பவர்களாக விடுதிகள், வனவிலங்கு லாட்ஜுகள், வாகன நிறுவனங்கள், உள்ளூர் ஏற்பாட்டாளர்கள், மாகாணச் சுற்றுலா வாரியங்கள் ஆகியோரும், வாங்குபவர்களாக உலகெங்கிலுமிருந்து வரும் டூர் ஆபரேட்டர்களும் முகவர்களும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசும் தொழில் சந்தை இது. தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களோடு, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, மொசாம்பிக், எஸ்வாத்தினி முதலிய நாடுகளும் அரங்கு அமைக்கின்றன. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடக்காமல் போய், 2022 மே மாதத்தில் மீண்டும் தொடங்கியது. கண்காட்சி மூன்று நாள். அதற்கு முந்தைய நாள் கருத்தரங்குகளுக்கும் அறிமுகங்களுக்கும் ஒதுக்கப்படுவது அண்மை ஆண்டுகளின் வழக்கம்.

ஏப்ரலில் கேப் டவுனில் நடக்கும் ‘வேர்ல்டு டிராவல் மார்க்கெட் ஆப்பிரிக்கா’வைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் நல்ல சந்தைதான்; கேப் டவுன் பக்கத்துச் சரக்கை மட்டும் ஆழமாக வாங்க வேண்டியவர் அங்கே போகலாம். ஆனால் ஒரே ஒரு சந்தைக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் உங்களுக்கு டர்பன்தான் பொருத்தம். அதன் காரணம் வானிலையிலிருந்து தொடங்குகிறது.

இந்தியாவில் விற்கப்படும் வழக்கமான தென்னாப்பிரிக்கச் சுற்று ஜோகன்னஸ்பர்க், சன் சிட்டி, க்ரூகர் தேசியப் பூங்கா, கார்டன் ரூட், கேப் டவுன் என்ற வரிசையில் செல்வது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் புறப்படுவதோ பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்ட பிறகு, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள். தென் அரைக்கோளத்தில் அது இலையுதிர் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் பருவம். கேப் டவுனைச் சுற்றிய பகுதி குளிர்காலத்தில் மழை பெறும் பகுதி என்பதால், மே பாதிக்குமேல் அங்கே போகிறவர்கள் மேகம் மூடிய டேபிள் மவுண்டனைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, காற்று பலமாக இருப்பதால் கேபிள் கார் ஓடவில்லை என்ற அறிவிப்போடு திரும்புவது அரிதன்று. டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் கதை நேர்மாறானது. மழை அங்கே கோடையில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிறது. மே, ஜூன் மாதங்கள் வறண்டும் வெயில் இதமாகவும் இருக்கும். வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையோரமாகவே ஓடுவதால், கேப் டவுனில் கால் நனைக்கவே கூசும் அந்த மாதத்தில் டர்பனில் குழந்தைகள் கடலில் குளிக்க முடியும். புல் காய்ந்து, நீர்நிலைகள் சுருங்குவதால் விலங்குகளைப் பார்ப்பதும் எளிதாகிறது. உள்நாட்டார் பெருங்கூட்டமாக விடுமுறைக்கு வருவது டிசம்பரிலும் ஈஸ்டரிலும் என்பதால் மே மாதத்தில் விடுதிகளின் விலையும் இறங்கியிருக்கும். நம் விடுமுறைக்கு இவ்வளவு பொருந்தி வரும் ஒரு மாகாணத்தை நம் சந்தையில் பெரும்பாலான பேக்கேஜுகள் தொடாமலே தாண்டிப் போகின்றன என்பதை நான் பல ஆண்டுகளாக வியப்போடு பார்த்து வருகிறேன்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். டர்பனிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தில் ஷ்லூஷ்லூவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்கா. 1895-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட இது ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களுள் ஒன்று. அழிவின் விளிம்புக்குப் போன தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் எஞ்சியிருந்த இடமும் இதுதான். 1960-களில் இங்கிருந்து பிடித்து அனுப்பப்பட்ட விலங்குகளின் வழித்தோன்றல்களே இன்று பிற பூங்காக்களில் உலவுகின்றன. யானை, சிங்கம், சிறுத்தை, எருமை, காண்டாமிருகம் ஐந்தும் இங்கு உண்டு. வேட்டைக் கும்பல்களின் தொல்லையால் 2024-இல் இங்குள்ள காண்டாமிருகங்களின் கொம்புகளை அறுத்தெடுக்கும் பணி தொடங்கியது என்பதை மட்டும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொம்புள்ள படத்தைக் காட்டி விற்றுவிட்டு, பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பூங்காவிலிருந்து எட்டிப் பிடிக்கும் தொலைவில் செயின்ட் லூசியா கழிமுகம்: நீர்யானைகளும் முதலைகளும் நிறைந்த நீரில் இரண்டு மணி நேரப் படகுப் பயணம், முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒருசேர ஏற்றது. இது 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் பகுதி. மேற்கே போனால் ட்ராகன்ஸ்பெர்க் மலைத்தொடர், சான் என்ற பழங்குடி மக்கள் வரைந்த பாறை ஓவியங்கள், அந்தப் பாதையில் ஹோவிக் அருகே 1962 ஆகஸ்டு 5-ஆம் நாள் மண்டேலா கைதான இடத்தில் அமைந்த நினைவகம். ஐம்பது எஃகுத் தூண்கள் தனித்தனியாக நிற்க, குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் அவை அவருடைய முகமாகச் சேரும் அந்தச் சிற்பத்தின் முன்னால் பதின்வயதுப் பிள்ளைகள்கூடக் கைப்பேசியை மறந்து நிற்பார்கள். வழியில்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893 ஜூன் 7-ஆம் நாள் இரவில் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட இடம். டர்பனின் புறநகரான ஃபீனிக்ஸில் 1904-இல் அவர் தொடங்கிய குடியிருப்பும் இருக்கிறது. 1985 கலவரத்தில் சிதைக்கப்பட்ட அவருடைய வீடு பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஊரோடு உள்ள உறவு இதைவிடப் பழையது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது டர்பன் துறைமுகத்தில்தான். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பாலைக்கு அருகே எழுந்த பிள்ளையார் கோயிலையும், காவடி, தீமிதி விழாக்கள் நடக்கும் மற்றக் கோயில்களையும் நகரத்துக்குள்ளேயே ஒரு காலை நேரத்தில் காட்டிவிடலாம். சந்தையின் அரங்குகளிலும் நாய்டூ, கவெண்டர், பிள்ளே, மூட்லி, படையாச்சி என்று பெயரட்டை அணிந்தவர்களை நிறையச் சந்திப்பீர்கள். அவர்களிடம் எடுத்த எடுப்பில் தமிழில் பேசத் தொடங்காதீர்கள். ஐந்தாறு தலைமுறைகளாக அங்கேயே வாழும் அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஆங்கிலம். தமிழ் கோயிலிலும் பாட்டிலும் சடங்கிலும் நிற்கிறது. ஒரு ‘வணக்கம்’ போதும், மகிழ்ச்சியோடு பதில் வரும். ஊர்ப்பாசத்தை விலை பேசும் கருவியாக்காமல் இருப்பதே மரியாதை. வியாபாரத்தில் அவர்கள் தென்னாப்பிரிக்கர்கள்.

இனி நடைமுறை. இந்தச் சந்தையின் தேதியே நமக்கு முதல் இடைஞ்சல். மே மாதம் நம் தொழிலின் உச்சம். அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது, வெளியூரில் இருக்கும் குழுக்களுக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்துகொண்டே இருக்கும். அந்த வாரத்தில் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் போக முடியாதென்றால் இந்த ஆண்டைத் தவிர்த்துவிடுங்கள். சந்திப்புகளுக்கு நடுவே பேங்காக் விமானச் சீட்டை மாற்றிக் கொண்டிருப்பவர் எதையும் வாங்கி வருவதில்லை. அப்படித் தவிர்க்க நேர்ந்தால், சவுத் ஆப்பிரிக்கன் டூரிசத்தின் மும்பை அலுவலகம் தென்னாப்பிரிக்க விற்பனையாளர்களை அழைத்து வந்து இந்திய நகரங்களில் நடத்தும் சாலைக் காட்சிகளில் கலந்துகொண்டு அறிமுகங்களையாவது தொடங்கி வைக்கலாம். அந்த அலுவலகத்தோடு தொடர்பு வைத்திருப்பது மற்றொரு வகையிலும் உதவும். தெரிந்தெடுத்த வாங்குபவர்களுக்கு விமானச் செலவையும் தங்குமிடத்தையும் ஏற்றுக்கொள்ளும் ‘ஹோஸ்டட் பையர்’ திட்டம் இந்தச் சந்தைக்கு உண்டு. பெரிய எண்ணிக்கை காட்டுகிறவர்களுக்கே அதில் முன்னுரிமை என்றாலும், திருச்சி, மதுரை, கோவை போன்ற ஊர்களின் சந்தையைத் தெளிவாக விளக்கும் விண்ணப்பம் எடுபட வாய்ப்பிருக்கிறது. அதில் தேர்வானால் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சந்திப்புகளுக்குக் கட்டாயம் போயாக வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கடற்கரையில் உலவிவிட்டு வர அந்தத் திட்டம் இடம் தராது.

விசா விஷயத்தில் அவசரம் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே தேவை; விண்ணப்பம் வழக்கமாக, விசா விண்ணப்பங்களைப் பெறும் வி.எஃப்.எஸ். மையத்தின் வழியாகப் போகிறது. குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்களும், திரும்பும் நாளுக்குப் பின் முப்பது நாளாவது செல்லுபடியும் கடவுச்சீட்டில் இருக்க வேண்டும். சந்தையின் பதிவு உறுதிக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து இந்திய, சீனக் குழுக்களுக்காக ‘நம்பகமான டூர் ஆபரேட்டர்’ திட்டம் ஒன்றைத் தென்னாப்பிரிக்க உள்துறை நடத்தி வருகிறது. அதில் இடம்பெற்ற நிறுவனங்களின் வழியே போகும் குழுக்களுக்கு விசா விரைவாகக் கிடைக்கிறது என்பதால், டர்பனில் சந்திக்கும் ஏற்பாட்டாளர்களிடம் அதைப் பற்றி விசாரிப்பது நல்லது. விமானத்துக்கு இந்தியாவிலிருந்து நேரடிச் சேவை இல்லை. சென்னையிலிருந்து துபாய் சென்று, அங்கிருந்து எமிரேட்ஸில் டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் நேரே இறங்குவது எளிய வழி. உங்கள் எதிர்கால பேக்கேஜுக்கும் அதே நிறுவனத்தில் டர்பனில் இறங்கி ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ ஏறித் திரும்பும் சீட்டு போட முடியும் என்பதால், ஒரு உள்நாட்டு விமானம் மிச்சமாகும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவாகக் கிடைக்கும் சீட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைநின்றால் தென்னாப்பிரிக்காவிலும், அந்நாடுகள் வழியே திரும்பினால் இந்தியாவிலும் தடுப்பூசி அட்டை கேட்கப்படலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

சந்தையின் உண்மையான வேலை புறப்படுவதற்கு முன்பே பாதி முடிந்துவிட வேண்டும். பதிவு உறுதியானதும் இணையவழி நாட்குறிப்பு திறக்கும். அதில் விற்பனையாளர்களைத் தேடி நேரம் கேட்கலாம். அவர்களும் உங்களைக் கேட்பார்கள். புதியவர்கள் பெரும்பாலும் வருகிற கோரிக்கைகளையெல்லாம் ஏற்றுக்கொண்டு, தம்மால் ஒருபோதும் விற்க முடியாத ஆடம்பர லாட்ஜுகளோடு மூன்று நாளையும் நிரப்பிக் கொள்கிறார்கள். நீங்கள் ஒரு காகிதத்தில் ஒன்பது அல்லது பத்து நாள் சுற்று ஒன்றை முதலில் வரைந்துகொள்ளுங்கள். டர்பனில் மூன்று இரவு, மலையில் இரண்டு, ஷ்லூஷ்லூவே பக்கம் இரண்டு, செயின்ட் லூசியாவில் ஒன்று என்று ஏதோ ஒரு கச்சா வடிவம் போதும். அந்தச் சுற்றில் இடம்பெறக் கூடியவர்களை மட்டும் சந்தியுங்கள். எல்லாரிடமும் அதே காகிதத்தை வைத்து, இதில் எது சரிவராது என்று கேளுங்கள். மலையிலிருந்து பூங்காவுக்கு ஒரே நாளில் போவது குழந்தைகளுக்கு நீளம், பழைய போர்க்களங்கள் இருக்கும் டண்டீ பக்கம் ஓரிரவு நிறுத்துங்கள் என்று ஒருவர் சொல்வார். கடைசி இரவை டர்பன் நகரத்தில் வைக்காமல் விமான நிலையத்துக்கு அருகில் உம்ஷ்லாங்காவில் வையுங்கள் என்று இன்னொருவர் சொல்வார். மூன்றாம் நாள் மாலையில் அந்தக் காகிதம் கிறுக்கலும் அடித்தலுமாகக் கிடந்தால் சந்தை உங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பொருள்.

யாரைச் சந்திப்பது என்பதில் ஒரு நுணுக்கம். ஷ்லூஷ்லூவேயும் ட்ராகன்ஸ்பெர்க்கும் மாகாண அமைப்பான எசெம்வேலோவின் கையில் உள்ளன. க்ரூகர் முதலிய தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் வேறு. இரண்டுக்கும் முன்பதிவும் விலைப்பட்டியலும் தனித்தனி. எசெம்வேலோ அரங்கில் பூங்காவுக்குள் இருக்கும் ஹில்டாப் முகாமின் அறை வகைகளையும், வாசல் கட்டணத்தையும் எழுதி வாங்குங்கள். அடுத்து, உள்ளூர் ஏற்பாட்டாளர்கள், நம் தொழிலில் டி.எம்.சி. என்று சொல்லப்படுகிறவர்கள். ஒவ்வொரு விடுதியோடும் நேராக ஒப்பந்தம் போட்டால் இடைத்தரகு மிச்சம் என்று தோன்றும். உங்கள் அளவுக்கு அது வேண்டாத சுமை. அறைக்கு அறை முன்பணம் அனுப்புவதும், ஒரு குடும்பம் தேதியை மாற்றினால் ஏழு இடங்களுக்கு எழுதுவதும், நள்ளிரவில் வேன் பழுதானால் திருச்சியிலிருந்து பதில் சொல்வதும் உங்கள் தலையில் விழும். டர்பனையே தலைமையிடமாகக் கொண்ட நடுத்தர அளவுள்ள ஏற்பாட்டாளர்கள் மூவரைச் சந்தித்து, ஒருவரை முதன்மையாகவும் மற்றொருவரை மாற்றாகவும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய நிறுவனங்கள் உங்கள் குடும்பத்தையும் அதே பழைய க்ரூகர் சுற்றுக்கே இழுப்பார்கள். மூன்றாவதாக, ‘ஹிடன் ஜெம்ஸ்’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். அரசின் சுற்றுலாத் துறை இடமளித்து அழைத்து வரும் சிறு தொழில் முனைவோர் அங்கே இருப்பார்கள். கறுப்பின மக்களின் புறநகர்க் குடியிருப்பான டவுன்ஷிப்பில் நடைப்பயணம், மலைக்கிராம விருந்தினர் வீடு, உள்ளூர்ச் சமையல் என்று அவர்கள் விற்கும் அரை நாள் அனுபவங்கள்தான் உங்கள் பேக்கேஜைப் பிறர் எளிதில் நகலெடுக்க முடியாதபடி செய்யும். ஆனால் அவர்களை உங்கள் ஏற்பாட்டாளர் வழியாகவே பதிவு செய்யுங்கள்; காப்பீடும் வாகன உரிமமும் சரியாக உள்ளனவா என்று பார்க்க அவரால்தான் முடியும்.

விலை பேசும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்க லாட்ஜுகள் பெரும்பாலும் அறைக்கு விலை சொல்வதில்லை. இருவர் பகிர்ந்து தங்கும்போது ஒருவருக்கு ஓரிரவுக்கு என்று சொல்வார்கள். பொதுமக்களுக்கான ராக் ரேட்டிலிருந்து 20 முதல் 30 சதவீதம் குறைத்து டூர் ஆபரேட்டர்களுக்கு எஸ்.டி.ஓ. ரேட் என்ற தொழில் விலை தருவது வழக்கம். ஒரு பேச்சுக்கு, அது ஆளுக்கு 6,000 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேளை வன உலாவும் மூன்று வேளை உணவும் அதில் அடக்கம். கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், பதின்மூன்று வயதுப் பெண். குழந்தைக்குப் பாதி விலை என்று கேட்டதும், நம்மவர் பெரியவர்களுக்கு 12,000, பிள்ளைகளுக்கு 6,000, ஆக 18,000 ராண்ட் என்று கணக்குப் போட்டு விற்றுவிடுவார். ஆனால் பாதி விலை பன்னிரண்டு வயதுக்குட்பட்டவருக்கு, அதுவும் பெற்றோரின் அறையிலேயே கூடுதல் கட்டிலில் படுத்தால்தான் என்றும், ஓர் அறைக்கு ஒரு குழந்தையே அனுமதி என்றும், பிள்ளைகளுக்குத் தனியறை எடுத்தால் இருவருக்கும் முழு விலை என்றும் நிபந்தனை இருந்தால் உண்மை விலை 24,000 ராண்ட். ஓரிரவுக்கு 6,000 வித்தியாசம்; இரண்டு இரவுக்கு 12,000 ராண்ட் உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே “குழந்தைக்கு என்ன விலை?” என்று கேட்காதீர்கள், இந்த நால்வர் குடும்பத்தைச் சொல்லி, “மொத்தம் எவ்வளவு, எந்த அறைகளில்?” என்று கேளுங்கள். திறந்த வாகனத்தில் போகும் வன உலாவுக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, பல இடங்களில் ஆறு. அதற்குக் கீழுள்ள குழந்தைக்கு என்ன மாற்று என்றும் கேட்க வேண்டும். பாதுகாப்பு நிதி, சமூக நிதி என்ற பெயர்களில் தனியாக வசூலிக்கப்படும் தொகை விலையில் சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வாடிக்கையாளர்களில் மரக்கறி உண்பவர்கள் அதிகம் என்பது தெரியும். டர்பனில் இது பெரிய கவலையன்று. ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ என்ற ஊர்ப் பண்டத்தில்கூட அவரைப் பருப்பு நிரப்பிய வகை உண்டு. காட்டுக்குள் இருக்கும் லாட்ஜில்தான் கவலை. அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும்தான் வரும். சோறும் பருப்பும் சமைக்கத் தெரிந்தவர் சமையலறையில் இருக்கிறாரா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை நேருக்கு நேர் கேளுங்கள். அரங்கில் நிற்பவர் விற்பனை மேலாளராக இருப்பார். சமையற்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பவரை நம்பலாம், உடனே எல்லாம் முடியும் என்பவரைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு சோதியுங்கள்.

மலேரியாவைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். மாகாணத்தின் வடகோடிப் பகுதியில் அபாயம் உண்டு, டர்பனிலும் ட்ராகன்ஸ்பெர்க்கிலும் இல்லை. ஷ்லூஷ்லூவே பக்கம் குறைவு. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள், நீங்களாக உறுதி கொடுக்க வேண்டாம். இன்னொன்று, சானி கணவாய். நான்கு சக்கர இயக்க வாகனத்தில் ட்ராகன்ஸ்பெர்க் உச்சியேறி அண்டை நாடான லெசோத்தோவைத் தொட்டு வரும் ஒரு நாள் பயணத்தை எல்லா ஏற்பாட்டாளர்களும் ஆசையாக விற்பார்கள், அனுபவமும் அருமைதான். ஆனால் அது எல்லை தாண்டும் பயணம். லெசோத்தோவின் நுழைவு விதிகளையும், குடும்பத்தின் தென்னாப்பிரிக்க விசா பல நுழைவுக்கானதா என்பதையும் உறுதி செய்யாமல் பேக்கேஜில் எழுதிவிட்டால், வாடிக்கையாளர் சோதனைச்சாவடியிலேயே நிற்பார். மேலும், 2022 ஏப்ரலில் பெய்த பெருமழையில் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததோடு, கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்ததால் டர்பன் கடற்கரைகளில் பல மாதங்கள் குளிக்கத் தடை இருந்தது. கடல் குளியலைச் சொல்லி விற்கும் ஒவ்வொரு பருவத்திலும் அப்போதைய நிலையை ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

நம்பகத்தன்மைக்கு இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். விடுதிகளுக்குத் தென்னாப்பிரிக்கச் சுற்றுலாத் தரநிர்ணயக் குழு நட்சத்திரம் வழங்குகிறது. அது கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் வருகை புரிந்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஏற்பாட்டாளர்களுக்கு சாட்சா என்ற தொழில் சங்கத்தின் உறுப்பினர் தகுதி. ராண்டில் விலை வாங்கி ரூபாயில் விற்கும்போது இடைப்பட்ட மாதங்களில் மாறும் மதிப்பைச் சமாளிக்க உங்கள் விலையில் சிறு தளர்வு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் நீங்கள் பேச வேண்டியது நடப்பாண்டு விலையன்று; அடுத்த ஆண்டு ஏப்ரல்-மே விலையும், இடையில் வரும் காலாண்டு, தீபாவளி விடுமுறை விலையுமே உங்களுக்குத் தேவை.

நகரத்தில் இருக்கும் நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மையத்துக்கு அருகிலோ கடற்கரைச் சாலையிலோ தங்குங்கள். சந்தைக்கான பேருந்து வந்து போகும் விடுதியா என்று பார்த்துப் பதிவு செய்தால் வசதி. பகலில் கடற்கரை நடைபாதை கலகலப்பானது. இருட்டிய பின் நடந்து போகாமல் ஊபர், போல்ட் வண்டிகளை அழையுங்கள், கைப்பேசியைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் வீடுகளில் ஏ.சி.க்கும் கீசருக்கும் உரிய பெரிய மூன்று முனை பிளக் அங்கே அப்படியே பொருந்தும். கைப்பேசிச் சார்ஜருக்கு அந்த அளவுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிச் செல்லுங்கள். அச்சிட்ட கையேடுகளைச் சுமக்காதீர்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த உடனே, அடுத்த நாற்காலிக்குப் போகும் முன், பேசிய விலையையும் உங்கள் மனத்தில் பட்டதையும் இரண்டு வரி எழுதி வையுங்கள். நான்காவது சந்திப்புக்குப் பிறகு எல்லா லாட்ஜுகளும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும்.

சந்தை முடிந்த மறுநாளே திரும்பிவிடாதீர்கள். ஒரு வாகனம் எடுத்துக்கொண்டு, கிறுக்கிய அந்தக் காகிதத்தில் உள்ள சாலையில் மூன்று நான்கு நாள் பயணம் செய்யுங்கள். சந்தைக்கு முன்னும் பின்னும் வாங்குபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் பயணங்கள் ஏற்பாடு செய்யப்படுவதுண்டு, அதில் இடம் கிடைத்தால் நன்று. ஆனால் அவை சிறந்த அறையையும் சிறந்த உணவையும் மட்டுமே காட்டும். உங்கள் வாடிக்கையாளர் தங்கப் போகும் அறையை, அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலையில் கழிப்பறை வசதி எங்கே, பாட்டியம்மா படகில் ஏறும் படி எத்தனை உயரம் என்பவை எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்திகள். அவற்றைச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் ஊர்க்காரர்கள் பணத்தைக் கட்டுவார்கள்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், தேர்ந்தெடுத்த மூன்று ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரே கோரிக்கையை அனுப்புங்கள். நன்றி மடலாக அது இருக்க வேண்டாம். நிஜமான தேதிகளும், அந்த நால்வர் குடும்பமும், மரக்கறி உணவும், பிள்ளைகளின் வயதும் குறித்த உண்மையான விலைக் கோரிக்கையாக இருக்கட்டும். மூவரும் எத்தனை நாளில் பதில் தருகிறார்கள், நீங்கள் கேட்காத எதைத் தாமாகவே எச்சரிக்கிறார்கள், எந்த விலையில் எது அடங்காது என்று தெளிவாக எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதல் பருவத்தில் உங்களை நன்றாக அறிந்த இரண்டு குடும்பங்களை மட்டும் அனுப்பி, அவர்கள் திரும்பி வந்த பிறகு சுற்றைத் திருத்திவிட்டு, அதன் பின்னரே விளம்பரம் கொடுங்கள். அதுவரை க்ரூகரும் சன் சிட்டியும் கேட்டு வருகிறவர்களுக்கு மும்பைக்காரரின் பேக்கேஜையே தொடர்ந்து கொடுத்து வாருங்கள்; அந்தத் தொடர்பை முறித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.